யாரும் வாங்காத ஏர் கூலர்

— கூலர் விளம்பரத்தையும் தூக்கிட்டேன், ஷைலா. இதோட அஞ்சாவது பொருளு.

— நான் இன்னும் செருப்பு கூட கழட்டல, ஃபெலிக்ஸ். கூலருக்கு இன்னா கேடு? இந்த வெயில்ல அவனவன் வெந்துகினு கீறான்.

— நெட்டுல தேடுறானுங்க. நம்ம ‘ஷைலா கடை’ விளம்பரம் மேலயே வருது. அமுக்குறானுங்க, வாங்க மாட்றானுங்க. ஒவ்வொரு தபா அமுக்குறதுக்கும் விளம்பரக்காரனுக்கு நான் துட்டு அழுவணும். ஒருத்தன் வாங்குனாதான் எனக்கு கமிஷன்.

— அந்த முட்டி பெல்ட்டு?

— அதுவும் இதே கததான். மிக்சி, கொசு மெஷினு, எல்லாமே. எனக்கு பொருள் பார்த்து எடுக்கத் தெரியல போல.

— முடி வளர்ற எண்ணெய்ல கமிஷன் அள்ளும்னியே.

— அது டுபாக்கூரு. சொட்டத் தலக்காரன ஏமாத்தி எனக்கு சோறு வேணாம். விளம்பரத்துக்கு கட்ட கார்டுலயும் ஒண்ணும் இல்ல. குமணன்சாவடி குடோன்ல வேம்புலி அண்ணாத்தே ஆள் கேட்டாரு. வர்றேன்னு சொல்லிட்டேன்.

— என்னை ஒரு வார்த்த கேக்கல.

— கேட்டா வேணான்னுவ.

— வேணான்னுதான் சொல்வேன். எஸ்டேட் கம்பெனில பர்மனென்ட் வேலைய வுட்டுட்டு வந்தன்னுதானே எங்கப்பா உன்கிட்ட பேசறதையே நிறுத்துனாரு. இப்ப போய் மூட்ட தூக்கப் போறியா?

— அவரு சொன்னது சரியா பூட்ச்சு. வுடு. மேனாம்பேட்டுல உங்க வூட்ல எல்லாரும் நல்லா கீறாங்களா?

— இன்னிக்கு ஆராதனை முடிஞ்சதும் அப்பா உன்னைப் பத்தி கேட்டாரு.

— திட்டு இன்னும் பாக்கி கீதா?

— சிரிச்சாரு. மாப்ளைக்கு யாவாரம் எப்டின்னாரு. நல்லா ஓடுதுன்னேன். “ஓடாம? நாங்க சும்மாவா கீறோம்”னாரு.

— நாங்கன்னா யாரு?

— காலை ஜெபக்கூட்டம். அப்பா, சாராள் அத்தை, ஒரு இருவது பேரு. ஜெபம் முடிஞ்சதும் எல்லாரும் போன எடுத்து, ஏர் கூலர்னு தேடி, உன் விளம்பரத்த அமுக்குவாங்களாம். அமுக்க அமுக்க உனக்கு துட்டு வரும்னு அப்பா சொல்லி வெச்சிகீறாரு. ஏன் ஒரு மாதிரி பாக்கற?

— எப்போலேர்ந்து?

— மொதல்ல போட்டியே, அந்த முட்டி பெல்ட்டுலேர்ந்து. ஒவ்வொரு பொருளு மாத்தறப்பவும் நான்தான் அவருக்கு சொல்வேன். என் பேரப் பாத்தா சந்தோஷப்படுவாரேன்னு.

— அப்ப பொருள்ல தப்பு இல்ல.

— அய்யோ. இரு, இப்பவே அவருக்கு போன் போட்டு சொல்றேன்.

— வை போன. என் மூஞ்சியில முழிக்க மாட்டேன்ன மனுஷன், தெனம் எனக்காக இருவது பேர கூட்டி வெச்சு அமுக்கிகினு கீறாரு. அத நிறுத்த சொல்ல எனக்கு மனசு வரல.

— சரி, சொல்லல. ஒரு ஏரியாவுல மட்டும் விளம்பரம் தெரியாம கழட்டி வுடலாம்னு சொல்வியே. மேனாம்பேட்ட கழட்டிட்டு கூலர போடு. வேம்புலி அண்ணன்கிட்ட வரலன்னு சொல்லிடு.

— எந்த துட்ட வெச்சு போடறது? குடோனுக்குப் போறேன். மொத சம்பளம் வந்ததும் கூலர ஏத்தறேன், மேனாம்பேட்ட கழட்டிட்டு.

— அப்பா காலைல தேடுவாரே. நம்ம கட வரலன்னா கடைய மூடிட்டான்னு நெனப்பாரு. அத்தன பேரு முன்னாடி.

— வேம்புலி அண்ணாத்தேகிட்ட கொஞ்சூண்டு அட்வான்ஸ் வாங்கறேன், அதுல அவருக்கு தனியா ஒரு விளம்பரம் ஓடும். மேனாம்பேட்டுக்கு மட்டும், காலைல மட்டும். அதுக்கு பொருள் நீயே எடு ஷைலா, யாரும் வாங்க வேணாம், அவரு அமுக்குனா போதும்.