நாளைக்கு நல்லா விழ வேணும்

வெள்ளிக்கிழமை ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலில் அர்ச்சனைக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா கைகூப்பி, "முருகா, நாளைக்கு என்ட பிள்ளை நல்லா விழ வேணும்" என்றார். பெற்ற தாய் இப்படியும் கேட்பாரா என்று எனக்குத் திக்கென்றது.

அவருடைய சிநேகிதி திரும்பிப் பார்த்தார். "என்னக்கா வேண்டுதல் இது?"

"மகள் கோல் கீப்பர் எல்லே. மற்றப் பிள்ளையள் ஓடிப் பழகுதுகள். இவளை மட்டும் கோச் இடப்பக்கம் விழு, வலப்பக்கம் விழு எண்டு மண்ணில உருட்டுறார். வீட்டிலயும் மெத்தையில பாய்ஞ்சு பாய்ஞ்சு கட்டில் கால் முறிஞ்சு போச்சு."

"எம் மகளுக்கு கோல் அடிக்கிற பயிற்சி, அக்கா. எங்க வீட்டு கேட் நெளிஞ்சே போச்சு. நாளைக்கு கோல் போட்டாத்தான் டீம்ல எடுப்பாங்களாம்."

"என்ட மகள் பந்தைப் பிடிச்சாத்தான் எடுப்பினமாம். உங்கட மகள் ஆருக்கு அடிக்கப் போறா?"

"ஒங்க மகளுக்குத்தான்."

இருவரும் முருகன் பக்கம் திரும்பினார்கள்.

"அப்ப மொதப் பந்து கோலுக்குள்ள போகட்டும். அடுத்ததை ஒங்க மக புடிக்கட்டும்" என்றார் சிநேகிதி.

"ஏன், முதல் பந்தை என்ட மகள் பிடிச்சால் ஆகாதோ?"

இதைக் கேட்டுக்கொண்டே ஐயர் வந்துவிட்டார். இரண்டு தட்டுகளையும் பார்த்தார், இரண்டு முகங்களையும் பார்த்தார்.

"பிள்ளையளை எடுக்கிறது கோச் தானே? அவரின்ட பேர், நட்சத்திரத்தைச் சொல்லுங்கோ. அர்ச்சனையை அவருக்குச் செய்வம்."

சிநேகிதி உடனே போனை எடுத்தார்.

"ஹலோ கோச், கோயில்ல நிக்கிறோம். அவசரமா ஒங்க நட்சத்திரத்தைச் சொல்லுங்க!"