பாலத்தில் ஆறு பொம்மைகள்

கடிகாரக்காரர்: மறுபடியும் அந்த ஆறு பேரா? படையைப் பின்னால நிறுத்திட்டு ஊர்சனத்தைப் போய் பாலத்துக்கு அனுப்புறீங்களே, சம்பந்தி.

டிராயிங் மாஸ்டர்: என் ஆளுங்க, என் இஷ்டம். நீங்க உங்க ராணுவத்தைப் பாருங்க.

கடிகாரக்காரர்: ஒன்பது ஞாயித்துக்கிழமையா இதே கூத்து. பாலம் வரைக்கும் கொண்டு வர்றீங்க, திருப்பிக் கூட்டிட்டுப் போறீங்க. உள்நாட்டுப் போர்ல ஜெயிக்கணும்னா ரேடியோ நிலையத்தைப் பிடிக்கணும். இவங்க அக்கரைக்குப் போய் என்ன கிழிக்கப் போறாங்க?

டிராயிங் மாஸ்டர்: உயிரோட இருப்பாங்க.

கடிகாரக்காரர்: பொம்மைங்க, சம்பந்தி...

டிராயிங் மாஸ்டர்: பூதக்கண்ணாடி வெச்சு ஒவ்வொண்ணுக்கும் புருவம் வரைஞ்சவர் நீங்க. இப்ப பொம்மைங்கறீங்க.

கடிகாரக்காரர்: கடிகாரம் பிரிக்கிற கை, சும்மா இருக்காது. நீங்க மட்டும்? கற்பனை ஊருன்னு சொல்லிட்டு, அட்டையில சந்து பொந்து விடாம...

மகள்: அப்பா, டீ. மாமா, உங்களுக்குச் சர்க்கரை போடல. டைஸை மெதுவா உருட்டுங்க. குழந்தை இப்பதான் தூங்கினான்.

கடிகாரக்காரர்: சரிம்மா. உங்கப்பாவைத்தான் கொஞ்சம் அடக்கி வை.

மகள்: எப்பதான் முடியும் உங்க சண்டை?

டிராயிங் மாஸ்டர்: இன்னைக்குக் கடைசி ஆட்டம். கதவைச் சாத்திட்டுப் போம்மா... ம், பாலத்துல ஏத்திட்டேன். இந்தத் தடவை திரும்ப மாட்டாங்க. உங்க மெஷின் கன் எங்கே?

கடிகாரக்காரர்: ஆஸ்பத்திரிப் பக்கம்.

டிராயிங் மாஸ்டர்: எப்பவும் அங்கேயேதான். பள்ளிக்கூட மாடிதான் ஊர்லயே உசரம். அந்தப் பக்கம் ஒரு ஆளைக்கூட நீங்க அனுப்பினதில்ல.

கடிகாரக்காரர்: அனுப்பி என்ன? மணி மரத்தை வெட்டினாத்தானே அங்கேருந்து பாலம் தெரியும்.

டிராயிங் மாஸ்டர்: என்ன மரம்?

கடிகாரக்காரர்: அதான்... மணி தொங்குதே.

டிராயிங் மாஸ்டர்: நான் மணி வைக்கலையே.

கடிகாரக்காரர்: வெச்சீங்க... பார்த்த ஞாபகம்.

டிராயிங் மாஸ்டர்: இது பஞ்சும் கம்பியும். மணி தொங்கினது நிஜ மரத்துல. எங்க ஊர்ல. அஞ்சாவது வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டுத்தான் வீட்டுக்கு ஓடுவேன்.

கடிகாரக்காரர்: எந்தப் பள்ளிக்கூடத்துலயும் மரத்துலதான் மணி கட்டுவாங்க, சம்பந்தி.

டிராயிங் மாஸ்டர்: பொண்ணு பார்க்க வந்தப்ப என்ன சொன்னீங்க? நம்ம நாட்டுப் போர் முடியற வரைக்கும் தலைநகர்ல, ராணுவச் சமையல்கூடத்துல இருந்தேன்னு.

கடிகாரக்காரர்: டீ ஆறுது...

டிராயிங் மாஸ்டர்: இந்தாங்க, மரத்தை எடுத்துட்டேன். மெஷின் கன்னையும் மாடியில வெச்சுட்டேன். பாலம் தெரியுதா? உருட்டுங்க.

கடிகாரக்காரர்: வேண்டாம். தாண்டிட்டாங்கன்னு வெச்சுக்கலாம்.

டிராயிங் மாஸ்டர்: ரூல் அப்படி இல்ல. பாலத்துல ஆள் தெரிஞ்சா உருட்டியே ஆகணும். நாமதானே எழுதினோம்.

கடிகாரக்காரர்: அன்னைக்கும் இதைத்தான் சொன்னாங்க. ஆள் தெரிஞ்சா சுட்டே ஆகணும்னு... எனக்கு இருபது வயசு, சம்பந்தி.

டிராயிங் மாஸ்டர்: மெதுவா. அவ காதுல விழும்... எத்தனை பேர்?

கடிகாரக்காரர்: ஆறு.

டிராயிங் மாஸ்டர்: இந்த ஊரை முதல் வாரமே அடையாளம் தெரிஞ்சிருக்கும் உங்களுக்கு.

கடிகாரக்காரர்: தெரிஞ்சுது.

டிராயிங் மாஸ்டர்: அப்புறம் ஏன் வந்தீங்க, ஒன்பது வாரமும்?

கடிகாரக்காரர்: நீங்க விடாம அனுப்புறீங்களே... ஒரு தடவையாவது தாண்டிட மாட்டாங்களான்னு இருந்துச்சு. இந்த டைஸைக் கொஞ்சம் வாங்கி வைங்க... அந்த ஆறு பேர்ல... உங்க மனுஷங்க யாராவது...

டிராயிங் மாஸ்டர்: கடைசியா வந்தவன் என் தம்பி. ஆத்துல முழுகிப் போயிட்டான்னுதான் பொண்ணுகிட்ட சொல்லி வளர்த்திருக்கேன். அதனாலதான் ஆசையா அவன் பேரைக் குழந்தைக்கு வெச்சா... ஆஸ்பத்திரியில கையில வாங்கி, முதல் முதலா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது நீங்கதான், சம்பந்தி.