வெடிக்கும்போது நின்ற கை

எல்லோரும் நலமா? உடம்பு தேவலையா? பிள்ளைகள், மாடு கன்று எல்லாம் நலம்தானே? நான் நலம். காலையில் எங்கள் வழக்கமான மூன்று சுற்றுக் காப்பியும் குடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குக் காப்பிக்கொட்டை வறுக்க வந்ததே ஐம்பத்தோராம் வயதில்தான். சிரிக்காதீர்கள். இருபத்திரண்டு வருடம் பெய்ரூத்தில் அடுத்தவர் வீட்டு வேலை. அங்கே பொட்டலத்தைப் பிரித்தால் தூள் வரும். எத்தியோப்பியாவில் எங்கள் ஊரான டெப்ரெ மார்க்கோஸுக்குத் திரும்பிய முதல் வாரம், தெருப் பெண்களை அழைத்து, முறைப்படி தரையில் புல் பரப்பி, கரியடுப்பில் இரும்புத் தட்டை வைத்தேன். ஆசையில் கரியை அள்ளிப் போட்டுவிட்டேன். கொட்டை வெளியே கருகியது, உள்ளே பச்சையாக நின்றது. வறுத்த தட்டை ஒவ்வொருவர் முகத்தருகேயும் கொண்டுபோக வேண்டும், அவர்கள் புகையைக் கையால் வாரி முகர வேண்டும். அன்று எல்லோரும் இருமினார்கள்.

எதிர்வீட்டு ஷிதாயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஏன்டி அஸ்னாக்கெச், கடல் தாண்டிப் போயி இத்தனை வருஷம் என்னத்தடி கத்துக்கிட்ட? காப்பி குடிக்கக் கூப்பிட்டியா, செருப்பு கொளுத்தக் கூப்பிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

என் மகள் ஹிருத்தைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் மூன்று பேர் வந்தார்கள். வரும் வழியில் எதிர்வீட்டில் விசாரித்தார்கள். ஷிதாயே அவர்களுக்குக் காப்பி ஊற்றிக்கொடுத்து, "கொட்டை வறுக்கவே தெரியாதவ, அங்க வீட்டு வேலைதான் செஞ்சாளான்னு யாரு கண்டா?" என்றாளாம். பெரியவர்கள் என் வாசலை மிதிக்கவில்லை. மூன்று மாதத்தில் ஹிருத் துபாய்க்கு வீட்டு வேலைக்குப் போனாள். நான் அவளை விட்டுப் போன அதே மாதிரி, திரும்பிப் பார்க்காமல்.

ஷிதாயே சொன்னதை என்னிடம் அழுதுகொண்டே சொன்னது அவளுடைய மகள் புர்த்துக்கான்தான். ஹிருத்தின் தோழி. அம்மாவுக்காக அவள் மன்னிப்புக் கேட்டாள். அதோடு, எனக்கு வறுக்கவும் சொல்லிக்கொடுத்தாள்.

"கரி கொஞ்சமா இருக்கட்டும் அத்தை. மஞ்சளாகும், பழுப்பாகும், அப்புறம் படபடன்னு வெடிக்கும். வெடிக்கும்போது மட்டும் கை நிக்கவே கூடாது. கிண்டிக்கிட்டே இருக்கணும்."

இருபது நாளில் எனக்குக் கை பழகிவிட்டது. தங்கமான பெண். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

பிறகு ஞாயிறுதோறும் தெருப் பெண்களை மறுபடி அழைத்தேன். ஷிதாயே வராத நாட்களில் கொட்டை எண்ணெய் மினுங்க வறுபட்டது. அவள் வந்த நாட்களில் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து எல்லோரையும் போலத் தட்டையே பார்ப்பாள். வெடிக்க ஆரம்பித்ததும் என் கை நின்றுவிடும். நான்கு மூச்சு நேரம் போதும். கருகியதைக் கொட்டிவிட்டு, பெருமூச்சோடு தட்டைக் கழுவி, மறுபடி வறுப்பேன். அவளைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகப் பேசியதில்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஆறாவது வாரம் பக்கத்து வீட்டு வுபித் என் காதருகே வந்தாள்.

"அக்கா, கவனிச்சீங்களா? அவ வந்தா மட்டுந்தான் கருகுது."

"சும்மா இரு வுபித். பாவம்."

"என்ன பாவம்? அவ தாத்தா கொல்லருங்க. கொல்லர் வம்சத்துக்குக் கொள்ளிக்கண்ணுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அப்படியெல்லாம் சொல்லாத. யாராவது கேட்டுடப் போறாங்க."

அதற்கு மேல் நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. எங்களிடம் கொள்ளிக்கண் ரத்தத்தில் வருவது. தாய்க்கு இருந்தால் மகளுக்கும் உண்டு. அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்கமாட்டார்கள், கை நனைக்கமாட்டார்கள். ஈஸ்டர் நோன்பு முடிந்ததும் நடக்கவிருந்த புர்த்துக்கானின் கல்யாணம் நின்றது. அடுத்த மழையில் வுபித்தின் கைக்குழந்தை காய்ச்சலில் போயிற்று. எதிர்வீட்டுக் கதவில் கல் விழுந்தது. நான் எறியவில்லை. என்னிடம் வந்து கேட்டவர்களிடம், "என் வீட்டுக் கொட்டை கருகினது நிஜந்தான்" என்று மட்டும் சொன்னேன். அது நிஜம்தானே?

இப்போதும் காலையில் எதிர்வீட்டிலிருந்து வறுக்கும் மணம் வரும். நல்ல பக்குவம். குடிக்க யாரும் போவதில்லை. தாயும் மகளுமாக மூன்று சுற்றையும் குடித்து முடிக்கிறார்கள்.

பாதிரியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தம்மாவுக்குக் கண்ணு கிண்ணு ஒண்ணும் இல்லன்னு உனக்குத் தெரியுமில்ல?" என்று கேட்டார். "என்னைவிட யாருக்குத் தெரியும் சாமி? நின்னது என் கைதானே" என்றேன். நாற்பது நாள் நோன்பு இருக்கச் சொன்னார், இருந்தேன். தெருவைக் கூட்டி உண்மையைச் சொல்லவும் சொன்னார். அதற்குத்தான் ஒரு நல்ல நாள் அமையவில்லை.

போன மாதம் ஹிருத் ஆறு மாதக் குழந்தையோடு வந்திருக்கிறாள். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாளாம். கேள்விப்பட்டுப் புர்த்துக்கான் எங்கள் வாசல்வரை வந்து நின்றாள்.

"அத்தை, உள்ள வரல. இங்கருந்தே குழந்தைய ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்."

நான் போர்த்தியிருந்த துணியை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினேன். ஹிருத் என்னையே பார்த்தாள். பச்சைக் குழந்தை, எதற்கு வம்பு?

உங்கள் ஊரில் இந்த மாதிரிக் கண் படாமல் குழந்தையை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள், எனக்கு உதவியாக இருக்கும்.