நங்கூரக் கல் கிடைத்த இடம்

சாட்சியின் பெயர்: எல்லம்மா. வயது: 43. கணவர் பெயர்: நாகமுத்து (காணாமல் போனவர்). தொழில்: கையால் தடவி இறால் பிடித்தல். விலாசம்: 2/61, அம்மன் கோயில் தெரு, மணலோடைக்குப்பம், பழவேற்காடு அஞ்சல், திருவள்ளூர் மாவட்டம். 12.05.2025 மாலை நான்கு மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகி, ஆய்வாளர் துர்காதேவி முன்னிலையில் சொல்ல எழுதப்பட்டது.

நான் மேற்படி விலாசத்தில் தனியாக வசித்து வருகிறேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. பக்கத்து வீட்டில் என் கணவரின் அண்ணன் பச்சையப்பன் இருக்கிறார். ஏரியில் மீன்பாடு குறைந்துபோனதால் என் கணவர் 2013-ஆம் ஆண்டு கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் இரும்பு உருக்கு ஆலையில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தார். சேர்த்துவிட்டவர் ஆலைக்கு ஆள் அனுப்பும் கான்டிராக்டர் பார்த்திபன். 2014 ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டுக்குப் போன என் கணவர் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் நானும் பச்சையப்பனும் போய்க் கேட்டதற்கு, பார்த்திபன் ஆலை கேட்டுக்கு வெளியே நின்று, "அவன் செவ்வாக்கெழமயே வேல வேணான்னு பூட்டான்மா. நாயுடுபேட்டைல ஒருத்திகூட கீறானாம், அங்க போய்ப் பாரு" என்று சொன்னார். நான் அதை நம்பிவிட்டேன். தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று பச்சையப்பன் எவ்வளவோ சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. அவமானத்தால் புகாரும் கொடுக்கவில்லை.

எங்கள் ஏரியில் கல் கிடையாது. அடி முழுக்கச் சேறும் மணலும் சிப்பியும்தான். நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, இறால் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடியைத் தடவி இறால் பிடிப்போம். ஆகவே அடிமண் எங்கள் கைக்குத் தெரியும். மேலே கூழ் போல இருக்கும். அதன் கீழே தயிர் போல. முழங்கை ஆழத்துக்குப் போனால் பிசைந்த மாவு போல கெட்டியாகிவிடும். மேல் சேறு பழுப்பு, கீழே கறுப்பு. கறுப்பை அள்ளி வெளியே வைத்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும், காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரத்தில் அதுவும் பழுப்பாகும்.

2024 மாசி மாதம் மற்ற இடங்களில் இறால் படாததால், நான் தெற்கே உப்பங்கழி ஓரம் போனேன். அங்கே ஆலையின் உலைக்கசடை லாரி லாரியாகக் கொட்டிக் கரை போட்டிருக்கிறார்கள். கசடு இறங்கிய இடத்தில் அடி சிமென்ட் மாதிரி கட்டிப்போய் விரலைக் கிழிக்கும் என்பதால் பெண்கள் யாரும் அங்கே போவதில்லை. முழங்கை ஆழத்தில் என் கையில் ஒரு கல் தட்டுப்பட்டது. சிறிய குடம் அளவு இருந்தது, நீளவாக்கில் இருந்தது. எங்கள் பக்கம் கல் கிடைத்தால் யாரும் விடமாட்டார்கள், படகுக்கு நங்கூரமாகும். நானும் அதைப் புரட்டி எடுத்து வந்து பச்சையப்பனிடம் கொடுத்தேன். அவர் கயிறு கட்டிப் படகில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு பதினான்கு மாதம் அந்தக் கல் எங்களிடம் இருந்தது. படகு போகாத நாட்களில் என் வீட்டு வாசலில் கிடக்கும். மழை இல்லாத நாளிலும் அதன் அடியிலிருந்து செம்பழுப்பாகத் தண்ணீர் கசியும். சிமென்ட் தரையில் அந்தக் கறை விழுந்தது, சோப்புப் போட்டும் போகவில்லை. நான் அதன்மேல் உட்கார்ந்துதான் மீன் கழுவுவேன். எனக்கு வாய் அதிகம். ஓடிப்போன ஆளை நினைத்தால் கோபம் வரும். அந்தக் கல்மேல் உட்கார்ந்துகொண்டே என் கணவரை வாயில் வந்தபடி ஏசியிருக்கிறேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

இந்த ஆண்டு சித்திரையில் முகத்துவாரம் அடைபட்டுத் தண்ணீர் வற்றியதால் படகைக் கரையேற்றினோம். கல்லிலிருந்து கயிறு நழுவிக்கொண்டே இருந்ததால், 06.05.2025 காலை பச்சையப்பன் உளி வைத்து அதில் ஒரு பள்ளம் வெட்டினார். இரண்டாவது அடியில் கல் இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஈரமான கறுப்புச் சேறு இருந்தது, முட்டை வாடை அடித்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பு ஓரத்திலிருந்து பழுப்பாக மாறிக்கொண்டு வந்தது. நடுவில் ஆலைக்காரர்கள் போடும் இரும்பு முனை ஷூ ஒன்று இருந்தது, இடது கால் ஷூ. அதற்குள் எலும்பு இருந்தது.

ஷூவில் லேஸ் இல்லை. நீல நிற நைலான் வலை நூல் கோத்து, வலை முடிச்சுப் போட்டிருந்தது. என் கணவர் இடது கைக்காரர். அவர் போடும் முடிச்சு மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பும். அதற்காக மற்றவர்கள் அவரைக் கிண்டல் செய்வார்கள். பச்சையப்பன் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்து, "இன்னாம்மா இது, நம்ம நாகமுத்து போட்ட முடிச்சாச்சே" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீரில் செத்தவர்களை நாங்கள் அப்படியே வைப்பதில்லை, மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவித்தான் வீட்டுக்குள் எடுப்போம். நானும் ஷூவையும் எலும்பையும் மஞ்சள் தண்ணீரில் கழுவி, உள்ளே இருந்த சேற்றைச் சாக்கடையில் விட்டேன். சாட்சியத்தை அழித்ததாக என்மேல் சொல்லப்படுகிறது. என் புருஷனைக் குளிப்பாட்டினேன். அது தப்பு என்று எனக்குத் தெரியாது. அன்று மதியமே காவல் நிலையத்தில் தகவல் கொடுத்தோம்.

அதன் பிறகு கல்லூரியில் நிலவியல் நடத்தும் கல்பனா மேடத்தைக் காவல் துறையினர் வரவழைத்தார்கள். அவர் கல்லின் உடைந்த பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். பத்து வருஷத்துக்குள் சேறு எப்படிக் கல்லாகும் என்று நான் கேட்டேன். அவர், "மண்ணு படிஞ்சதோட முடிஞ்சுபோறதில்லம்மா. மேல மேல சேறு ஏற ஏற, அந்தப் பாரத்துல அடியில இருக்கிற தண்ணி பிழிஞ்சு வெளிய வந்துடும், மண்ணு நெருங்கிடும். உடம்பு அழுகும்போது வர்றது, கசடுல இருக்கிற சுண்ணாம்பு, ஷூ முனை இரும்பு எல்லாம் சேர்ந்து மண்ணுக்கு நடுவுல பசை மாதிரி ஊறி இறுகிடும். கசடு இருக்கிறதாலதான் இவ்ளோ சீக்கிரம். ஆனாலும் வருஷக்கணக்கு ஆகும்" என்றார். எங்கிருந்து இறுக ஆரம்பிக்கும் என்று கேட்டேன். "அவர்கிட்டருந்துதாம்மா" என்றார். அதாவது நான் அதன்மேல் உட்கார்ந்து ஏசிய கல், அவரிடமிருந்தே வளர்ந்த கல். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மீதி உடல் கிடைத்தால்தான் அவர் ஓடிப்போகவில்லை என்று ஆகும் என்பதாலும், கழி ஓரத்தை வரும் திங்கட்கிழமை மண் கொட்டி மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதாலும், இடத்தைக் காட்ட நானே முன்வந்தேன். இன்று காலை ஒன்பது மணிக்கு ஆய்வாளர் அம்மா, கல்பனா மேடம், பச்சையப்பன், இரண்டு காவலர்கள் ஆகியோருடன் படகில் போனேன். பொக்லைன் வைத்தால் எல்லாம் நொறுங்கும் என்பதால் நான் கையால் தடவினேன். முக்கால் மணி நேரத்தில் அதே ஆழத்தில் இரண்டாவது கல் கிடைத்தது. கல்பனா மேடம் ஓரத்தைத் தட்டி உடைத்துப் பார்த்தார். அதிலும் ஷூ இருந்தது, கடை லேஸ் போட்டிருந்தது. அதுவும் இடது கால்.

ஆய்வாளர் அம்மா, "அப்ப இது வேற ஆளு" என்றார். என் கணவரின் மீதி கிடைக்கும் என்று நான் மறுபடியும் தோள் வரை கையை விட்டேன். ஷூவின் இரும்பு முனை விரலில் பட்டது. ஆனால் அதைச் சுற்றிக் கல் இல்லை, தயிர் போன்ற சேறுதான் இருந்தது. முனையிலிருந்து மேலே தடவினேன். கணுக்கால் இருந்தது. அதற்கு மேல் பேன்ட் துணி இருந்தது. துணி நைந்துபோகவில்லை. நான் கையை எடுத்துவிட்டேன், அதற்குமேல் இழுக்கப் பயமாக இருந்தது. நான் சொன்னதைக் கேட்டு ஆய்வாளர் அம்மா, "எவ்வளவு நாள் ஆகியிருக்கும்?" என்று கல்பனா மேடத்தைக் கேட்டார். அவர், "வருஷக்கணக்கு இல்ல மேடம். மாசக்கணக்குதான்" என்றார்.

காவலர்களை அங்கே நிறுத்திவிட்டுக் கரைக்குத் திரும்பியபோது, ரோட்டில் பார்த்திபனின் வேன் இரண்டு மணி ஷிப்டுக்கு எங்கள் குப்பத்து ஆட்கள் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போனது. நான் ஓடினேன், வேன் நிற்கவில்லை. அந்த ஐந்து பேரும் இப்போது ஆலைக்குள் இருக்கிறார்கள். என் கணவர் விஷயம் மெதுவாக நடக்கட்டும். முதலில் அவர்களை வெளியே அழைத்து வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், என் வாய் சொன்னதுதான் தாளில் இருக்கிறது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். வலது கை விரல்கள் கசடில் கிழிந்து கட்டுப் போட்டிருப்பதால் இடது பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.

(இடது பெருவிரல் ரேகை)
எல்லம்மா

என் முன்பாக,
துர்காதேவி, காவல் ஆய்வாளர்
12.05.2025, மாலை 4.50