வரதன் வண்டி ஒழுவுது

பூவம்மா: ...அப்போ மறுபடியும் ஒழுவுதுன்னு சொல்லு.

வரதன்: நான் எங்கக்கா சொன்னேன்?

பூவம்மா: வாயால சொல்லல. வண்டிக்கு அடியில பூந்துகினு கால மட்டும் வெளிய நீட்டிக்கீறியே, அது சொல்லுது.

வரதன்: சும்மா பாத்துகினு கீறேன்.

பூவம்மா: சும்மா பாக்குறவன் மூக்கு மேல எண்ணெய் சொட்டுமா? தொடைச்சிக்கோ.

வரதன்: பூவம்மாக்கா... தண்ணி லாரி வர நேரமாச்சு. கொடத்த வரிசையில வெச்சிட்டியா?

பூவம்மா: அதெல்லாம் மொத ஆளா வெச்சிட்டேன். லாரி திரும்ப உன் வண்டி வழி உடணுமே, அத்த சொல்லத்தான் நிக்கிறேன்.

வரதன்: நீ அதுக்கு நிக்கல. கதை கேக்க நிக்கிற.

பூவம்மா: கேக்கக் கூடாதா? எர்ணாவூர்ல நம்ம தெருவுக்குன்னு ஒரே ஒரு காரு. அதுவும் யாரோ ஓட்டி ஓஞ்ச பியட்டு. வாங்கினு வந்த அன்னிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி, தெரு பூரா சாக்லெட்டு குடுத்த. அந்த சாக்லெட்டு துன்ன அத்தினி பேருக்கும் கேக்குற உரிமை கீது.

வரதன்: சாக்லெட்டு குடுத்தது என் தப்பு.

பூவம்மா: நேத்து சுயம்பு கடைக்கு உனுக்கு போன் வந்துச்சே...

வரதன்: அதுவும் தெரியுமா?

பூவம்மா: பருப்பு வாங்கினு இருந்தேன். காதுல விழுந்துச்சு.

வரதன்: பருப்பு வாங்க எம்மா நேரம் நின்ன?

பூவம்மா: நீ போன வெக்கிற வரைக்கும். சம்பந்திதான? தண்டையார்பேட்டை செங்குட்டுவன்? பொண்ணுக்கு வண்டி அனுப்பறேன்னு சொல்லிக்கீறாரு.

வரதன்: அவுரு பேசினது உனுக்கு எப்டிக்கா கேட்டுச்சு?

பூவம்மா: அவுரு பேசினது கேக்கல. நீ "வேணாங்க, எங்க வண்டியே கீது"ன்னு சொல்லசொல்லோ கொரலு உள்ள போச்சு பாரு, அதுல தெரிஞ்சிகினேன்.

வரதன்: நாளைக்கு என் பொண்ணு மதிய, கல்யாண மண்டபத்துக்கு நம்ம வண்டியிலதான் கூட்டினு போவேன். அவுரு அனுப்புற டாட்டா சுமோவுல அவ கால வெக்க மாட்டா.

பூவம்மா: அத்தத்தான் நிச்சயத்தன்னிக்கே சபையில சொன்னியே. மார நிமித்திகினு. "எங்க பொண்ணு எங்க வண்டியில வந்து எறங்குவா"ன்னு. ஆர்பர்ல கிரேன் ஓட்டுறவன், கப்பலையே தூக்கிட்ட மாதிரி ஒரு நிப்பு.

வரதன்: சொன்னது தப்பா?

பூவம்மா: தப்புன்னு யார் சொன்னா? மண்டபத்து வாசல்ல பொண்ணு எறங்கறதுக்கு முன்னாடி எண்ணெய் எறங்குமே, அத்தச் சொல்றேன். ரெண்டு வூட்டு சனமும் நின்னு பாக்கும்.

வரதன்: காலங்காத்தால வாய வெக்காதக்கா.

பூவம்மா: நான் வெக்கலப்பா. உன் வண்டிதான் வாசல் வாசலா பொட்டு வெச்சிகினு போவுது. ஆமா... எது ஒழுவுதுன்றான் அந்த உசேன் பாய்?

வரதன்: இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல ஒரு ரப்பர் வளையம் கீது. ஆயில் சீலுன்னு பேரு. உள்ள சுத்துற எண்ணெய் வெளிய வராம புடிச்சிக்கும்.

பூவம்மா: அதான் புடிக்கலியே.

வரதன்: பாய் கியர் பாக்ஸ எறக்கி புச்சா போட்டாரு. ஒழுவிச்சு. மறுபடி எறக்கி வேற ஒண்ணு போட்டாரு...

பூவம்மா: அதுவும் ஒழுவுது. அந்தாளுக்கு வேலை தெரியாதுன்னு அன்னிக்கே சொன்னேன். உனுக்கு மட்டும் இல்ல. எல்லாருக்கும் சொல்லிவுட்டேன்.

உசேன்: யாருக்குக்கா வேலை தெரியாது?

பூவம்மா: அட, வா பாய்! உன்னப் பத்திதான் பேசிகினு இருந்தோம். நல்லதாத்தான்.

உசேன்: கேட்டுச்சு, கேட்டுச்சு. கொருக்குப்பேட்டையில என் ஷெட்டு எதிர டீக்கடைக்காரன் கேக்குறான், "இன்னா பாய், உனுக்கு ஒரு சீலு மாத்த வரலியாமே"ன்னு. யாருடா சொன்னான்னா, "எர்ணாவூர்ல ஒரு அக்கா"ன்றான். நான் சைக்கிள மிதிச்சிகினு இங்க வரதுக்குள்ள உன் வாயி அங்க போயி டீ குடிச்சிட்டு வந்துட்டுது.

பூவம்மா: உண்மைய சொன்னா ஊரு தாண்டும் பாய்.

உசேன்: மாமு, வெளிய வா. இந்தக் கை போட்ட சீலு ஒழுவாது. சரக்கு லாரிங்கோ எத்தினியோ இந்தக் கைய நம்பி விசாகப்பட்டினம் போயி வந்துகினு கீது.

வரதன்: லாரி போவட்டும் பாய். என் வண்டி தண்டையார்பேட்டை போவணும். நாளைக்கு.

உசேன்: போவும்.

வரதன்: சொட்டாம போவணும்.

உசேன்: ...மறுபடி கியர் பாக்ஸ எறக்கினா இன்னிக்கு பூரா ஆவும். எறக்கியும் சீலு நல்லாத்தான் கீதுன்னா, நாளைக்கு நீ சுமோவுக்குத்தான் போன் போடணும்.

வரதன்: அந்தப் பேச்சே வேணாம். அந்தாளு சிரிப்பான் பாய். வாயால சிரிக்க மாட்டான். தலைய ஆட்டினு, "பரவால்லீங்க சம்பந்தி"ன்னு சொல்லுவான். அதான் தாங்காது.

உசேன்: எப்போலருந்து ஒழுவுது?

வரதன்: நிச்சயம் முடிஞ்ச அந்த வாரம். அதுக்கு முன்னாடி ஒரு சொட்டு கெடையாது.

உசேன்: புச்சு சீலு. மாத்தினதும் புச்சு. ரெண்டும் ஒழுவுதுன்னா தப்பு சீலுல இல்ல மாமு. உள்ளருந்து எதோ தள்ளுது. பானட்ட தொற.

பூவம்மா: பானட்டு இன்னாத்துக்கு? ஒழுவுறது கீழதான?

உசேன்: நீ எப்போக்கா மெக்கானிக்கு ஆன?

பூவம்மா: இல்ல... சாம்பலு பறக்குதே. தொறந்தா உள்ள போவும்னு சொன்னேன்.

வரதன்: எண்ணூர் பவர் ஹவுஸ் சாம்பலு போவாத எடமா? சோத்துலயே கீது. நீ தொற பாய்.

உசேன்: இன்ஜினு மூச்சு உடணும் மாமு. அதுக்குன்னு ஒரு கொழாய் கீது. உள்ள சேர்ற காத்து அது வழியா வெளிய போயிடும். அது அடைச்சிகினா காத்து எங்க போவும்? சீலப் புடிச்சித் தள்ளும். கூடவே எண்ணெயும் வரும். குக்கருல விசிலு வர ஓட்டைய அடைச்சா இன்னா ஆவும்? சொல்லுக்கா.

பூவம்மா: என் வூட்ல குக்கரே கெடையாது பாய்.

உசேன்: டார்ச்ச இப்டி அடி மாமு. கார்பரேட்டருக்கு அந்தாண்ட... இன்னும் கீழ... ஆங். இன்னாது இது?

வரதன்: இன்னா?

உசேன்: துணி! கொழா வாயில துணி! பால் சொம்புக்கு வாய் கட்ற மாதிரி நாலு மடிப்பு மடிச்சி, மேல ரப்பர் பேண்டு போட்டு... கருப்பா ஊறிப் போயி கொழாயோட கொழாயா கீது. அதான் அடியில படுத்துகினு பாத்த என் கண்ணுல மாட்டல.

வரதன்: எங்க... குடு பாக்கலாம்.

உசேன்: ஓரத்துல மஞ்சா பூவு வேற! எவனோ சாம்பலு உள்ள போவாம இருக்கணும்னு கட்டிக்கீறான். யாரு மாமு அந்த அறிவாளி?

பூவம்மா: யாரா இருந்தா இன்னா பாய்? அதான் அவுத்தாச்சுல்ல.

உசேன்: கேக்குறேன்ல?

வரதன்: நான்தான் பாய்.

உசேன்: நீயா!

வரதன்: ஆமா. சாம்பலு போவுதேன்னு... கட்டினேன். அப்பால மறந்துட்டேன்.

உசேன்: யா அல்லா! ஆகாசத்துல குந்திகினு கிரேன் ஓட்டுறவன், இன்ஜினு வாய மூடிட்டு, சீலு சரியில்ல, பாய் சரியில்லன்னு... எம்மா பேச்சு! எம்மா பேச்சு! ரெண்டு வாட்டி முதுகு ஒடிய கியர் பாக்ஸ எறக்கினேன்டா!

வரதன்: தப்புதான் பாய்.

உசேன்: உன் வாய எவன்னா கட்டிட்டா நீ எங்க வழியா மூச்சு உடுவ?

பூவம்மா: போதும் பாய்.

உசேன்: இன்னா போதும்? இப்பதான் ஆரம்பிக்கிறேன். என் மானம் கொருக்குப்பேட்டை வரைக்கும் போயிக்கீது. நாளைக்கு மண்டபத்துல பந்தியில குந்தி, அந்த செங்குட்டுவன் எதிரயே சொல்லுவேன். "உங்க சம்பந்தி கட்டின துணிய நான்தான் அவுத்தேன்"னு. ஊரே சிரிக்கட்டும்.

வரதன்: சொல்லிக்கோ. மொதல்ல வண்டிய ஸ்டார்ட் பண்ணு.

உசேன்: இரு, அடியில தொடைச்சிட்டு பேப்பர் போடறேன்... ஆங். சாவியத் திருப்பு. அப்டியே ஓடட்டும். கொஞ்சம் ரைஸ் பண்ணு... இன்னும்...

பூவம்மா: அய்ய, மூச்ச பாரு, கொழாயிலருந்து பொகை பொகையா வருது.

உசேன்: வரணும். அதான் வேணும்.

வரதன்: லாரி ஆரன் கேக்குதுக்கா. உன் கொடம்.

பூவம்மா: கொடம் எங்கயும் ஓடாது. பேப்பர பாரு.

வரதன்: நீயே குனிஞ்சி பாரேன். கதை கேக்கத்தான வந்த.

பூவம்மா: பாத்தேன்... காஞ்சி கீது.

உசேன்: நல்லா பாரு.

பூவம்மா: பாத்துட்டேன் பாய். காலையில வந்த பேப்பர் மாதிரி கீது. படிக்கலாம்.

உசேன்: சொல்லு. இப்போ சொல்லு. இந்தக் கை போட்ட சீலு?

பூவம்மா: ஒழுவாது.

உசேன்: கொருக்குப்பேட்டை டீக்கடைக்கு கேக்குற மாதிரி சொல்லு.

பூவம்மா: ஒழுவாது பாய், ஒழுவாது! உசேன் பாய் போட்ட சீலு ஒழுவாது! போதுமா?

உசேன்: இப்போ மனசு குளிர்ந்துச்சு. மாமு, இன்ஜின நிறுத்திடு. வண்டிய ஓரமா தள்ளி லாரிக்கு வழி உடு. நான் ஒரு டீ அடிச்சிட்டு வந்து ஸ்பானருங்கள பொறுக்கிக்கிறேன். "வாய கட்டின வரதன்"... நல்லாக்கீதுல்ல பேரு? டீக்கடையில மொதல்ல சொல்லி பாக்குறேன்.

பூவம்மா: ...போறான் பாரு. இப்போ தெரு முனை வரைக்கும் சொல்லுவான்.

வரதன்: சொல்லட்டும். நாளைக்கு மதி நம்ம வண்டியில போறா. அது போதும்.

பூவம்மா: அந்தாளு சம்பந்தி கிட்ட சொன்னா?

வரதன்: வண்டி போயி வாசல்ல நின்னப்புறம் சொன்னா இன்னா?

பூவம்மா: நீ இன்னாத்துக்கு வரதா நான்தான்னு சொன்ன?

வரதன்: கட்டினேன். சொன்னேன்.

பூவம்மா: பொய்யி.

வரதன்: பொய்யின்னு உனுக்கு எப்டிக்கா தெரியும்?

பூவம்மா: லாரி வந்துட்டுச்சு. நான் போறேன்.

வரதன்: கொடம் எங்கயும் ஓடாதுன்னு நீதான் சொன்ன. நில்லு. இந்த மஞ்சா பூவு எந்தப் பொடவைன்னு எனுக்குத் தெரியாதா? போன பொங்கலுக்கு மதி உனுக்கு ஆசையா எடுத்துக் குடுத்தது. அத்தப் போயி கிழிச்சிக்கீற.

பூவம்மா: முந்தானையில ஓரமாத்தான் கிழிச்சேன். கட்டினா தெரியாது.

வரதன்: வூட்ல பழந்துணியே இல்லியா?

பூவம்மா: காருக்குப் பழந்துணியா கட்டுவாங்கோ?

வரதன்: ...எப்போக்கா கட்டின?

பூவம்மா: தண்ணி ஊத்தறேன்னு பானட்ட தொறந்து வெச்சிட்டு டீக்கடைக்குப் போவியே. அப்போ.

வரதன்: பாய் துணிய நீட்டினானே, அப்பவே தெரியும். உன் பேர சொல்லியிருக்கலாம். அத்தினி பொம்பளைங்க கொடத்தோட நிக்கிறாங்கோ. எல்லார் கதையும் சொல்ற வாய் நீ... ஒரு நாள் உன் கதைய அவங்கோ பேசினா நீ தாங்க மாட்ட. அதான் சொல்லல.

பூவம்மா: நான் தாங்குவேன்.

வரதன்: தாங்க மாட்ட. இன்னொண்ணும் தெரியும். வெடியாங்காட்டி எழுந்து வண்டிய தொடைக்கிறதும் நீதான். ஜன்னல்ல எத்தினியோ வாட்டி பாத்துக்கீறேன். பகல் பூரா ஓட்ட வண்டி, எண்ணெய் சட்டின்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியிற. இன்னாத்துக்குக்கா இந்த ரெட்டை வேலை?

பூவம்மா: நான் சொல்லலாம்டா. நான் இந்தத் தெருக்காரி. அவன் யாரு? நிச்சயத்தன்னிக்கு நீ உள்ள தாம்பாளம் மாத்திகினு இருந்த. உன் சம்பந்தி வெளிய வந்தான். நம்ம வண்டி மேல சாம்பலு படிஞ்சிருந்துச்சு. ஒத்த வெரலால ஒரு கோடு இழுத்தான். வெரல ஊதினான். அவன் பொண்டாட்டியப் பாத்து சிரிச்சான். நான் வாசல்ல வெத்தலத் தட்டோட நிக்கிறேன்... எனுக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சிச்சு. அன்னிலருந்து மேல ஒரு பொட்டு சாம்பலு தங்க உடல. உள்ள எங்கெங்க ஓட்டை தெரிஞ்சிச்சோ அங்கெல்லாம் கட்டினேன். அப்பால... பாய் வரதுக்குள்ள கிரில்லுக்குப் பின்னால கைய உட்டு பாரு. ஆரன் கம்மிப் போச்சுன்னு பேட்டரிய மாத்தினியே, அது பேட்டரி கோளாறு இல்ல, ஆரன் வாயிலயும் நான்தான் கட்டிக்கீறேன். அந்தத் துணியையும் அவுத்துடு. நாளைக்கு அவன் மண்டபத்து வாசல்ல போயி நீ ஆரன் அடிக்கசொல்லோ, தண்டையார்பேட்டை பூரா திரும்பிப் பாக்கணும்.