சொந்த வால் முடி

ஆரல்வாய்மொழி பஸ்ஸில் எனக்கு முன் ஸீட்டில் இருந்தவர் ஒரு குதிரைவண்டிக்காரர். அவர் பக்கத்தில் ஒரு வெற்றிலை வியாபாரி.

"குதிரைக்கு மரு வந்தா எந்த மிருகத்துக்க முடியக் கட்டணும், அண்ணாச்சி?" என்று வண்டிக்காரர் கேட்டதும் நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

"மருவா? எங்கவே?"

"முன்னங்கால் இடுக்கில, எலுமிச்சங்காய் அளவுக்கு. வார் உரசி ரத்தம் வடிஞ்சுது. எட்டு நாளா வண்டி பூட்டல்ல. நானே பஸ்ஸுல போறேன், பாத்தியளா."

"மருவுக்குக் குதிரைவால் முடியத்தானவே இறுக்கிக் கட்டுவாவ?"

"ஊருல உள்ளவன் மருவுக்கெல்லாம் எனக்க குதிரைதான் முடி குடுத்துது. இப்போ வாலு, முத்தம் பெருக்கித் தேஞ்ச வாரியல் மாதிரி இருக்கு. மிச்சத்துல நாலு முடிய முறுக்கி அதுக்கே கட்டினேன். ஒண்ணும் ஆகல்ல."

"சொந்த முடி பலிக்காதுவே."

"மாட்டாஸ்பத்திரி டாக்டர்ட்ட முடி கட்டிப் பாத்ததச் சொன்னேன். 'முடியக் கட்டினா மரு விழுமா? காட்டுமிராண்டியா நீ?'ன்னு சாடிட்டாரு. இன்னிக்குக் காலம்பற மரத்துப்போக ஊசி போட்டு, கத்தியால அறுத்தும் எடுத்தாச்சு."

"குதிரை?"

"அங்கதான் நிக்குது. புல்லு திங்குது."

"பின்னே? படிச்சவன் படிச்சவன்தான்."

வண்டிக்காரர் ஜன்னல் வழியே துப்பினார். "கேளுங்க. மருந்து வச்சு முடிச்சதும் கம்பவுண்டரை வெளிய அனுப்பினாரு. பொறவு காலரைத் தாழ்த்திக் கழுத்துல ஒரு மருவக் காட்டினாரு. 'வாலுல ரெண்டு முடி தேறுமா'ன்னாரு."

"குடுத்தேரா?"

"'முடி எதுக்கு? கத்திய இங்க தாங்க டாக்டரே'ன்னேன்."