பாடத்துக்குக் கொடுத்த எச்சில்

குரூப் போட்டோவில் யாரை எங்கே நிறுத்துவது என்பது சின்ன விஷயமில்லை, மேடம். உயரமானவர்கள் பின்னால் என்பதெல்லாம் பள்ளிக்கூடக் கணக்கு. எங்கள் மரபணுக் கோடைப் பயிற்சிக்கு வருகிறவர்கள், இதுவரை எந்த ஆய்வகமும் உள்ளே விடாத சமூகங்களின் பிள்ளைகள். நிதி கொடுக்கும் பெரியவர்கள் எங்கள் அறிக்கையைப் படிக்கமாட்டார்கள். அட்டையில் இருக்கும் போட்டோவைப் பார்ப்பார்கள்.

நீங்கள் விசாரிக்கிற அந்தப் பெண் முதல் கோடையிலேயே நடுவில் நின்றாள். அப்படி ஒரு சிரிப்பு. அந்த வருஷம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் நிதிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். "நீ ஸ்டூடண்ட் இல்லடி, போஸ்டர்" என்று கூடப் படித்தவர்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் வந்தது அக்காவுக்காக. அக்காவுக்குத் தசைகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போயின. எந்த மரபணுவில் பிழை என்று தெரிந்தால் மருந்து தரலாம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். வழக்கமான பரிசோதனை எதிலும் பிடிபடவில்லை. அக்காவின் தொடையில் துளி தசையை வெட்டி, அதிலிருந்து ஆர்.என்.ஏ. பிரித்து, இவளே தேடினாள். கண்டுபிடித்துவிட்டால் பெரிய ஆய்வகம் ஒன்றில் வேலை. அதாவது, எங்கள் போட்டோவை விட்டுப் போய்விடுவாள்.

ஆர்.என்.ஏ. சுத்தத் தொட்டாற்சிணுங்கி. நம் தோலில் இருக்கும் ஒரு நொதி அதைச் சுக்குநூறாக்கிவிடும். கையுறை இல்லாமல் குழாயைத் தொடாதீர்கள் என்பதுதான் முதல் பாடம். அதை மட்டும் நானே நடத்துவேன்.

நான் கையுறையைக் கழற்றினேன். அவளுடைய குழாயின் மூடிக்குள் விரலை வைத்து எடுத்தேன். அவ்வளவுதான். எதுவும் உடையக்கூட இல்லை.

"எங்க தப்பு பண்ணேன்னே தெரியல சார்" என்று என் அறையில் அழுதாள்.

"விடும்மா. அடுத்த கோடையும் வா. உனக்கு இங்க எப்பவும் இடம் உண்டு" என்றேன். சொல்லும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது.

வந்தாள். மறுபடி அக்காவை வெட்டினார்கள். மறுபடி நான் விரலை வைத்தேன். அதற்கடுத்த கோடையும் அப்படித்தான். வேலை தருவதாகச் சொன்னவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வெட்கப்பட்டு எங்கள் விடுதியிலேயே தங்கிவிட்டாள். ஜன்னல் திறக்காத அறைதான். ஆனால் ஏசி உண்டு. வெட்ட இனிச் சதை இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

நான் மாட்டிக்கொண்டது என் பெருந்தன்மையால். பிள்ளைகள் படித்துப் பழக யாராவது ஒருவரின் மரபணு வேண்டுமல்லவா. ஊரார் எச்சில் எதற்கென்று என் எச்சிலையே கொடுத்திருந்தேன். வருஷா வருஷம் என்னைத்தான் வரிவரியாகப் படிப்பார்கள். விழாவில் இதைச் சொன்னால் கைதட்டல் அடங்க நேரமாகும்.

கெட்டுப்போன குழாய்களை அவள் தூக்கிப்போடவில்லை. என்னதான் மிச்சமிருக்கிறது என்று படித்துப் பார்த்திருக்கிறாள். அக்காவின் குழாயில் வேறொருவரின் டி.என்.ஏ. ஓர் ஆண். பாடத்தில் படித்து நன்றாகப் பழகிய ஆண்.

என் அறைக்கு வந்தாள். அழவில்லை.

"உங்க பாடம் மனசுல நல்லா பதிஞ்சிருக்கு சார். எங்க பார்த்தாலும் உங்கள அடையாளம் தெரியுது."

"உட்காரும்மா."

உட்காரவில்லை. "அக்கா நேத்துலேர்ந்து மூச்சு மெஷின்ல இருக்கா சார்."

மறுநாள் அக்கா இறந்துபோனாள்.

ஆமாம் மேடம், மூன்று தடவையும் நான்தான். ஆனால் ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். கெட்டுப்போன மாதிரியிலிருந்து ஆளைப் பிடிப்பது பெரிய பெரிய ஆய்வகங்களில்கூட எல்லோராலும் ஆகிற காரியமில்லை. அது எங்கள் பயிற்சி. இந்த வருஷ அட்டையிலும் அவளையே நடுவில் நிறுத்தச் சொல்லுங்கள். நான் ஓரமாக நின்றுகொள்கிறேன்.